பனிமலைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் வாசலில் கிடக்கிற செருப்பைத்தான் பார்ப்பேன். உள்ளே இருப்பவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் செருப்பு பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உள்ளே எத்தனை பேர், ஆணா பெண்ணா, விருந்தாள் வந்திருக்கிறதா, ‘வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொல்லிவிட்டு ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். நான் மூணாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் இந்தச் செருப்புப் படிப்பில் ராஜபாளையத்தில் என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. பனிமலையில்தான் ஏமாந்தேன். ஏமாந்தேனா இல்லையா என்று இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பேக்கிங் பகுதிக்கு அவள்தான் சூப்பர்வைசர். அப்போது அவளுக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் முகம் கழுவவும் போகாமல், சாப்பிடவும் உட்காராமல், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, ஒரு ஆளு கேக்காரு.”

“என்ன கேக்காரு?”

“என்னையத்தான்.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்குத் தம்பியாம். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி நோயில் தவறிவிட்டாள், பிள்ளை இல்லை. இதுவரைக்கும் பேச்சு நேராகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் வழுக்கியது.

“இப்ப என்ன வேலை பாக்காரு?”

“குளிர்காலம் ஆனா வடக்க ஒரு மலைக்குப் போயிருவாரு. அங்க வாரவுகளுக்குச் சொல்லிக் குடுப்பாரு.”

“என்ன சொல்லிக் குடுப்பாரு?”

“பனியில சறுக்க.”

“சறுக்கி விழுகவா? அதுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வேணுமாட்டி?”

“விழுகாம சறுக்கம்மா. கால்ல நீளமாப் பலகையக் கட்டிக்கிட்டு மேல இருந்து கீழ வருவாக. பட்டாளத்துல இருந்தப்ப படிச்சாராம்.”

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போனவர்கள்தான். ரிட்டையர் ஆகி வந்தால் தோப்பு துரவைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்காருவார்கள். பனியை விட்டு வந்தவன் மறுபடியும் பனிக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, அப்புறம் எதற்காக அந்த மனிதர் வருசா வருசம் அங்கே ஓடுகிறார்? நான் எந்தப் பக்கம் திருப்பி யோசித்தாலும் ஒரே பதில்தான் வந்தது.

“ஏட்டி, அவருக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கு.”

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“இல்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முகம் கழுவப் போய்விட்டாள்.

நான் சும்மா சந்தேகப்படவில்லை. அவளுக்கு முதல் தடவை மாப்பிள்ளை பார்த்தபோது என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பிகளும் கார் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார்கள். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் சொன்ன மாதிரி. போனவர்கள் கறிக்குழம்பு வாசத்தில் அதை மறந்துவிட்டு மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து, “முடிச்சாச்சு” என்றார்கள். மாப்பிள்ளைக்கு மில்லில் நல்ல வேலை என்றார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மில் கேட்டுக்குள் அவன் கால் வைத்ததே இல்லை. தினமும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய் ஒரு பார்க்கில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சாயங்காலம் வேலை பார்த்துக் களைத்த மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறான். மகள் பெட்டியோடு திரும்பி வந்தாள். கோர்ட்டில் தீர்த்துக்கொண்டோம். அந்த வருத்தத்திலேயே என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன். மில்லுக்குள் ஓடியாடி நடக்கிறவன் செருப்பு, கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த அவன் செருப்பு மாதிரிப் புதுசாக இருக்காது.

ஆகையால் மகளிடம் சொல்லிவிட்டேன்.

“இந்தத் தடவ நாந்தான் பாப்பேன். வீட்டையும் பாப்பேன், அந்தப் பனியையும் பாப்பேன். பொறவுதான் பேச்சு.”

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பார்க்கப் போனோம். அவர் மலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார். மகளோடு வேலை பார்க்கிற அவருடைய அக்காதான் வந்து கதவைத் திறந்துவிட்டாள். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. செத்துப்போன மனைவியின் படத்தில் மாலைகூடத் தூசி தட்டியிருந்தது. தனியாக இருக்கிற ஆம்பளையின் வீடு இவ்வளவு சுத்தமாக இருக்குமா? நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து கூட்டிப் பெருக்கியிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி கேட்காமலே வந்து, “தங்கமான மனுசன்” என்றாள்.

“தங்கம்னு சொன்னாப் போதுமா? ஒரசிப் பாக்க வேண்டாமா?” என்றேன். அவள் போய்விட்டாள்.

அந்த அக்கா ஒரு தட்டு நிறையப் பால்கோவாவைச் சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை வேண்டாம் என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

“எனக்குச் சுகர்” என்றேன்.

எனக்குச் சுகர் கிடையாது. இன்றுவரை கிடையாது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பொங்கல் கழிந்து வடக்கே கிளம்பினோம். வருகிறோம் என்று அவருக்குச் சொல்லக் கூடாது, அதுதான் என் ஒரே நிபந்தனை. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். ஆனால் ரயிலில் அடிக்கடி போனைத் திருப்பி வைத்துக்கொண்டு தட்டினாள்.

“யாருக்கு?”

“கம்பெனிக்கு.”

கம்பெனிக்குத் தட்டுகிறவள் முகம் அப்படியா இருக்கும்? நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி அவளைக் கவனித்துக்கொண்டே போனேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் எழுதவில்லை. மலை என்றால் எனக்கு எங்கள் மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைதான். மழைக்காலத்தில் அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். இங்கே மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. சேலைக்குள்ளே கம்பளிக் கால்சட்டையைப் போட்டுவிட்டு, தலையில் குரங்குக் குல்லாவை மாட்டி, கைக்கும் உறை மாட்டிவிட்டாள் மகள். அப்படி என்னைப் பார்த்திருந்தால் எங்கள் தெருவில் ஒரு வருசத்துக்குச் சிரித்திருப்பார்கள். ஜீப்காரனிடம் மகள் அவளுக்குத் தெரிந்த இந்தியில் என்னவோ கேட்டாள். அவன், “மதராஸி உஸ்தாத்?”, மதராஸ் வாத்தியாரா என்று கேட்டுச் சிரித்துவிட்டு நேராக ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒரு மனிதரை இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறதே, என்ன செய்து பெயர் வாங்கினாரோ என்று நினைத்தேன்.

மரத்தாலான ஒற்றை அறை. தட்டியதும் கதவு திறந்தது. நெடுநெடுவென்று ஒரு மனிதர், கையில் டீச்சட்டி. அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் கீழே போய்விட்டது. உள்ளே இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பெரிய பெரிய பூட்சுகள் வரிசையாக நின்றன. ஒன்று ஆம்பளை பூட்சு. பக்கத்தில் ஒடுங்கலாக, ஊதாக் கோடு போட்ட ஒரு பொம்பளை பூட்சு. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழந்தை பூட்சு.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“அம்மா! வாங்க, உள்ள வாங்க. சொல்லியிருந்தா ரோட்டுக்கு வந்து நின்னிருப்பேன்லா” என்றார். திடுக்கிட்டது நிஜம் மாதிரிதான் இருந்தது. அதையும் பழகிக்கொள்ளலாம். ‘அத்தை’ என்று கூப்பிட்டிருந்தால் அப்படியே ஜீப்பில் ஏறியிருப்பேன். அம்மா என்றுதான் கூப்பிட்டார். அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“செத்த உக்காருங்க, டீ போடுதேன். ஒடம்பு நடுங்குது பாருங்க.”

“நடுங்கல. நான் எப்பவும் இப்படித்தான்.”

“சுடுதண்ணியாவது குடிங்கம்மா.”

“வேண்டாம்.”

பல் தந்தி அடித்தது. மகள் டம்ளரைக் கையில் வாங்கி, என்னைப் பார்த்து, குடிக்காமலே கீழே வைத்தாள். பூட்சைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவருக்குப் பதில் ஜோடிக்க நேரம் கிடைக்கும். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குக் கிளம்பினேன். வழியிலேயே ஆரம்பித்தேன்.

“பாத்தியா பூட்ச?”

“எந்த பூட்சு?”

“அந்தக் கொழந்த பூட்சு. அது என்ன, அவரு காலுக்கா?”

அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அவளுக்கும் உறைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் வேலை பார்க்கிற இடத்துக்குப் போனோம். பார்க்காமல் திரும்புவதாக இல்லை. ஆயிரம் மைலுக்கு மேல் வந்துவிட்டு வாசலோடு போனால் என்ன மரியாதை? பனிமேடு தட்டுத் தட்டாக ஏறிப்போனது. அடியில் இருந்தது லேசான சரிவு. அதில் குழந்தைகளும் முதல் தடவை வந்தவர்களும் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது செங்குத்து. அங்கே கொஞ்சம் பழகியவர்கள் பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து வந்தார்கள். உச்சிக்குக் கம்பியில் தொங்குகிற கூண்டில் ஏறித்தான் போக வேண்டும். அங்கிருந்து வருகிறவர்கள் மிளகைக் கொட்டிவிட்ட மாதிரி தெரிந்தார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வந்து நின்றார்கள். நிற்கவே தெரியாதவர்களில் இருந்து பறக்கத் தெரிந்தவர்கள் வரைக்கும் எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. விழுவதற்குக் காசு கொடுத்து வந்திருக்கிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, எனக்குப் போட்ட நாற்காலியில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்தேன்.

தொந்தியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்தார். உடுப்பெல்லாம் புதுசு. இங்கிலீஷில் சத்தமாகப் பேசி, உச்சியைக் கைகாட்டினார். நம் ஆள் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அடியில் இருக்கிற குழந்தைகள் மேட்டைக் காட்டினார். பனியில் ஒரு கம்பை நட்டு, இதற்கு நேராக வந்து நில்லுங்கள் என்று சைகை செய்தார். அந்த ஆளுக்குக் கோபம். ஆனாலும் போனார், வந்தார். கம்பைத் தாண்டினார். குழந்தைகளைத் தாண்டினார். டீக்கடைக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த பனிக்குள்ளே தலையோடு போய்ச் சேர்ந்தார். இரண்டு பலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு குல்லாவை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்த ஆளைத் தூக்கி நிறுத்தி, பனியைத் தட்டிவிட்டு என் பக்கம் வந்ததும் கேட்டேன்.

“அவருக்குத் தெரியாதுன்னு ஒங்களுக்கு எப்படித் தம்பி தெரிஞ்சது?”

“எனக்கு எங்கம்மா தெரியும்? வாரவுக அம்புட்டுப் பேரும் நல்லாத் தெரியும்னுதான் சொல்லுவாக. நான் யாரையும் நம்புறதில்ல. கீழ ஒருக்கா வந்து நின்னு காட்டச் சொல்லுவேன். பொறவுதான் மேல.”

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. பிடித்ததை முகத்தில் காட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு சாக்கை இழுத்துவந்து என் முன்னால் அவிழ்த்தார். உள்ளே இருந்து பூட்சுகள் வந்தன. அந்தக் குழந்தை பூட்சை, குளிரில் அழுதுகொண்டு நின்ற ஒரு வடநாட்டுக் குழந்தையின் காலில் அதன் அப்பா மாட்டிவிட்டார். ஊதாக் கோடு போட்டதை என் மகள் முன்னால் வைத்து, “இது ஒங்களுக்குச் சரியா இருக்கும், போட்டுப் பாருங்க” என்றார்.

“இது யாரு பூட்சு?” என்றேன்.

“வாடகை பூட்சும்மா. சாயந்தரம் வரைக்கும் பனியில கெடந்து நனைஞ்சிருது. கடையில அடுப்பு கெடையாது. நனைஞ்சத மட்டும் என் ரூமுல கொண்டுபோய்க் காயப் போடுவேன்.”

அந்தக் குளிரிலும் என் காது சுட்டது. அவர் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். நேற்று என் கண் எங்கே போனது என்பதை அவரும் கவனித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் செருப்பைப் பார்த்து ஆள் சொல்கிறவள், ஊரார் காலில் மாட்டுகிற பூட்சைப் பார்த்து ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் எண்ணினேன். மகளை இன்னொரு வாத்தியாரிடம் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் பனியிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் மேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மா, அது வாடகை பூட்சுதான். ஆனா நீங்க நெனச்சது மொத்தமும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.”

நான் கம்பளியை விலக்கினேன்.

“வீட்டுக்காரி போன பொறவு, கீழ ஓட்டல்ல வேலை பாத்த ஒரு அம்மா கூட ரெண்டு குளிர்காலம் ஒரே வீட்டுலதான் இருந்தேன். கட்டிக்கிடணும்னுதான் இருந்தோம். அவுக வீட்டு ஆளுக ஒத்துக்கிடல. வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாக. இப்ப நல்லா இருக்காகன்னு கேள்வி. பிள்ள ஒண்ணும் கெடையாது. அம்புட்டுதான்.”

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்த்திச் சொல்லவில்லை. தன் பக்கம் நியாயமும் பேசவில்லை. எதிரே என் மகள் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

“அவகிட்டச் சொன்னீகளா?”

“மொத நாளே சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிருங்கன்னேன். அவுகளுக்குப் பயம்.”

அப்படியா சங்கதி.

“ஏட்டி, இங்க வா!”

“வர முடியலம்மா, கால்ல பலகை.”

“பலகையோடயே வா.”

வாத்து மாதிரி கால் அகட்டி அகட்டி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

“ஓட்டல்காரி விசயம் ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ ராஜபாளையம் ஸ்டேசனை விட்டே நகண்டிருக்க மாட்ட. வந்து பாத்திருப்பியா?”

வந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். ஆனாலும் வலித்தது. நான் பட்ட சந்தேகங்களில், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளைச் சந்தேகப்பட்டது மட்டும் சரியாக இருந்திருக்கிறது. அதுவும் தப்பான விஷயத்துக்கு.

நான் யோசித்தேன். எனக்கு எதையும் அவசரமாக யோசிக்க வராது. பூட்சு விஷயத்தில் நான் தோற்றுப்போயிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதற்குமேல் நான் எதைக் கேட்டிருப்பேன்? கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாத நேரம் பார்த்து அவராக வந்து சொல்கிறார். கோயம்புத்தூர்க்காரன் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு தினமும் ஒரு பொய்யைச் சுமந்தான். இந்த மனிதர் தப்பித்த பிறகு திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறார். பெரிய பொய்யை மறைக்கச் சின்ன உண்மையை விட்டுக் கொடுக்கிற ஆட்களும் உண்டு, அதையும் நினைக்காமல் இல்லை. அப்படி என்ன பெரிய பொய் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

“கை மரத்துப்போச்சும்மா” என்றாள் மகள்.

“அப்ப ரூமுக்குப் போவோம்” என்றேன்.

அறையில் அடுப்பு எரிந்தது. பூட்சு இல்லாமல் அடுப்போரம் வெறிச்சென்று இருந்தது. அவர் டீ போட்டார். இந்தத் தடவை குடிங்க என்று சொல்லவில்லை. ஒரு டம்ளரை மகளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எனக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். மகள் டம்ளரைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆவி போய்க்கொண்டே இருந்தது.

உறையைக் கழற்றினேன். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

“சீனி இல்ல.”

சன்னலில் இருந்து திரும்பினார். “ஒங்களுக்குச் சுகருன்னு அக்கா போன்ல சொல்லிச்சே.”

“அப்ப நாங்க வாரது ஒங்களுக்குத் தெரியும்?”

“வீட்டுக்கு வந்தத மட்டுந்தான் சொல்லிச்சு. இங்க வாரத யாரும் சொல்லல.”

மகளைப் பார்த்தேன். அவள் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

“எனக்குச் சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீனியப் போடுங்க.”

“எம்புட்டு அத்தை?”

அந்த வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது.

“ரெண்டு ஸ்பூன்” என்றேன்.

மகள் அதற்குப் பிறகுதான் தன் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருக்கும். முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அளவாக, சொந்தக்காரர்களோடு நடந்தது. அன்றைக்கு அவர் அக்கா எனக்கென்று தனியாக ஒரு தட்டுப் பால்கோவா கொண்டுவந்து வைத்துவிட்டு, “சுகரு எறங்கிருச்சா?” என்று கேட்டாள். எறங்கிருச்சு என்றேன். தட்டையும் காலி செய்தேன்.

இப்போது குளிர்காலம் வந்தால் இரண்டு பேருமாக மலைக்குப் போகிறார்கள். கம்பெனியில் சொல்லி லீவு வாங்கிக்கொள்கிறாள். அடிமேட்டைத் தாண்டி நடுமேட்டுக்கு ஏறிவிட்டாளாம். கம்புக்கு நேராக வந்து நின்று காட்டிய பிறகுதான் அவளையும் ஏறவிட்டாராம். பொண்டாட்டி என்று சலுகை கிடையாதாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம், எனக்குத் திருப்தி. போனில் படம் அனுப்புவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிக் காட்டச் சொல்வேன். அவள் என் மகள் முகத்தைப் பெரிதாக்குவாள். முகம் கிடக்கட்டும், அடுப்போரத்தைக் காட்டு என்பேன்.

போன வாரம் அனுப்பியதில் புதுசாக ஒரு ஜோடி இருந்தது. சின்னது, மேலே பூ வேலையெல்லாம் செய்தது. உடனே போன் போட்டேன்.

“வாடகைதாம்மா” என்றாள்.

இருக்கலாம்.